அரை நூல் பிசகு: டேபிள் சா கைடைச் சரிசெய்த அனுபவம்

ஏற்காட்டில் ஒரு வீட்டுச் சமையலறைக்கு 22 ஷட்டர் (அலமாரிக் கதவு) செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆவணியில் கிரகப்பிரவேசம். மரம் அவர்கள் எஸ்டேட்டிலேயே நின்ற சில்வர் ஓக். காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குக் கொம்பாகவும் இருந்த மரத்தைச் சாய்த்து, பலகையாக அறுத்து, இரண்டு வருடம் நிழலில் அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். அதை இழைத்தால் மீன் செதில் போலப் பளபளவென்று ரேகை எழும். அந்த அழகுக்காகவே பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் மட்டும் போதும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். பாலிஷ் என்றால் மூலையில் இடைவெளி விழக்கூடாது. பட்டி வைத்து மறைக்க வழியில்லை.

ஷட்டருக்கு நான்கு சட்டம், மொத்தம் 88 சட்டம். எல்லாம் 65 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். மூலைகள் 45 டிகிரியில் சேரும். எங்கள் பட்டறை சேலம் கன்னங்குறிச்சியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது பழையதாக வாங்கிய 10 அங்குல டேபிள் சா, மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மிஷின். வார்ப்பிரும்பு மேசை, நல்ல மோட்டார். அறுக்கும்போது பலகை உரசி ஓடும் அதன் ஃபென்ஸை, அதாவது நாங்கள் கைடு என்று சொல்வதை, அதுவரை நான் பெரிதாகக் கவனித்ததே இல்லை. பிளைவுட் பெட்டி வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் நாள் 20 சட்டம் அறுத்தோம். நான்கை எடுத்து மூலை சேர்த்துப் பார்த்த தம்பி, “சேர மாட்டேங்குதுண்ணா” என்றான். வெர்னியர் வைத்துப் பார்த்தால் சில சட்டம் ஒரு முனையில் 65, மறுமுனையில் 66.5. கிட்டத்தட்ட அரை நூல். (நூல் என்று தச்சு வேலையில் சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) காலையில் அறுத்ததற்கும், நடுவில் கைடை நகர்த்திவிட்டு மறுபடி 65-க்கு வைத்து மாலையில் அறுத்ததற்கும் 0.8 மி.மீ. வித்தியாசம். இதெல்லாம் போக, அறுத்த முகம் பல சட்டங்களில் வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் கருகியிருந்தது.

மரம் சரியாகக் காயவில்லையோ என்று முதலில் நினைத்தேன். அடுத்து பிளேடு மேல் சந்தேகம். 40 பல் பிளேடைக் கழற்றிவிட்டு, ரேகையோடு நீளவாக்கில் அறுப்பதற்கான 24 பல் பிளேடு போட்டேன். கருகல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கைடின் தலையில், அதாவது மேசையின் முன்ரெயிலைப் பிடிக்கும் பகுதியில், இருந்த இரண்டு திருகைத் தளர்த்தி, கண்ணால் பார்த்து நேராக்கி முடுக்கினேன். இப்படியே மூன்று நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மாலை ஒரு சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, இன்னும் ஒரு சாண் நீளம் பாக்கி இருக்கையில் மோட்டார் சத்தம் கனத்தது. புகை வாசனை. கை தானாக அழுத்தம் கொடுத்தது. அடுத்த கணம் சட்டம் என் கையை விட்டுப் பின்னால் பறந்து இடுப்பெலும்பில் அடித்தது. பிளேடின் கோட்டுக்கு நேராகவே நின்றிருந்தேன், அதுதான் தப்பு. எலும்பு உடையவில்லை, ஆனால் இரண்டு வாரம் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. அதே கட்டை ஒரு முழம் மேலே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம்: நீளவாக்கில் அறுக்கும்போது பிளேடின் கோட்டிலிருந்து ஒதுங்கி நில்லுங்கள். கைடு வலப்பக்கம் என்றால் உடம்பு இடப்பக்கம். கடைசி ஒரு சாணுக்குக் கை வேண்டாம், தள்ளுகட்டை போதும்.

அன்று இரவு எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். கைடு கோணல், சரி பண்ண வேண்டும் என்று சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டு, “கோணல்ங்கறியே தம்பி, எதை வச்சுக் கோணல்?” என்று கேட்டார். பிளேடை வைத்து என்றேன். “அந்த பிளேடு எதை வச்சு நேரு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் இடைவெளி அளக்கும் அவருடைய ஃபீலர் கேஜை வாங்கி வந்து உட்கார்ந்தேன். பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் சரிபார்க்க வைத்திருக்கும் அதே தகடுகள்தான். வேலையைத் தொடங்குவதற்கு முன் ப்ளக்கைப் பிடுங்கி கண்ணில் படும்படி மேசைமேலேயே வைத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

டேபிள் சாவில் நகராத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மேசையில் வெட்டப்பட்ட காடி, குறுக்காக அறுக்க உதவும் மைட்டர் கேஜ் ஓடும் பள்ளம். அதை யாரும் திருக முடியாது, தட்ட முடியாது. அதனால் முதலில் பிளேடு காடிக்கு இணையாக வர வேண்டும், பிறகு கைடு காடிக்கு இணையாக வர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எத்தனை நாள் திருகினாலும் சரியாகாது. நான் மூன்று நாள் செய்தது அதைத்தான்.

காடியில் ஆடாமல் ஓடும்படி ஒரு தேக்குப் பட்டை இழைத்தேன். அதன்மேல் குறுக்காக ஒரு கட்டை, கட்டையின் முனையில் ஒரு மரத் திருகு. பிளேடை முழுக்க மேலே ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, திருகின் தலை பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தேன். அப்புறம் பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், பட்டையையும் அங்கே நகர்த்தி, இடைவெளியை ஃபீலர் தகடால் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பல்லாக இருக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடில் இருக்கும் நெளிவையும் சேர்த்து அளந்துவிடுவோம். எனக்கு வந்தது 0.6 மி.மீ. பிளேடே காடிக்குக் கோணலாக இருந்தது.

என் மாதிரி மிஷினில் மேசையின் அடியில் நான்கு போல்ட்டில்தான் மோட்டாரையும் பிளேடையும் தாங்கும் வார்ப்பு தொங்குகிறது. மூன்றைத் தளர்த்தி, நான்காவதை லேசாகப் பிடியில் விட்டு, கட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். பொறுமை வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான். போல்ட்டை முடுக்கும்போது எல்லாம் மறுபடி நகரும். கால் சுற்று முடுக்கு, அள. இன்னொரு போல்ட் கால் சுற்று, அள. ஒரு மதியம் முழுக்க இதற்கே போனது, 0.1-க்குள் வந்தது. அதற்குக் கீழே நான் போகவில்லை. பெரிய கேபினெட் வகை மிஷின்களில் பிளேடுத் தாங்கி கீழ்ப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அங்கே மேசையைத்தான் தளர்த்தித் திருப்ப வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கைடு. காடியின் ஓரத்தில் கைடை வைத்து லாக் செய்து, காடியின் விளிம்பை விரல் நுனியால் முன்னிருந்து பின்னாகத் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிகிறது. பின்முனை பிளேடுப் பக்கமாக 1.2 மி.மீ. மூடியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். நான் நினைத்துக்கொண்டிருந்தது, கைடு கோணலாக இருப்பதால்தான் சட்டம் ஒரு முனை அகலமாக வருகிறது என்று. யோசித்துப் பார்த்தால் அப்படி வராது. மரத்தை அறுப்பது பிளேடின் முன்பல். முன்பல்லுக்கும் கைடுக்கும் இடையே உள்ள தூரம் மாறாத வரைக்கும் கைடு கோணலாக இருந்தாலும் அகலம் ஒரே மாதிரிதான் வரும். கோணல் காட்டிக்கொடுப்பது வேறு விதத்தில். பின்முனை மூடியிருந்தால் அறுந்த சட்டம் கைடுக்கும் பின்பற்களுக்கும் நடுவே நெரிபடும். அதனால்தான் கருகல், பல் சுரண்டிய வில் வில்லான கோடுகள். பின்பற்கள் மேலே எழும்பி வருவதால் நெரிபட்ட சட்டத்தைத் தூக்கி நம்மைப் பார்த்து எறிகின்றன. என்னை அடித்தது அதுதான்.

ஒரே சட்டம் முனைக்கு முனை அகலம் மாறுவது வேறு நோய். அறுக்கும்போது கைடு விலகிக்கொடுக்கிறது, அல்லது கைடில் உரசி ஓடும் பலகையின் விளிம்பு நேராக இல்லை. நகர்த்தி வைத்த பிறகு அளவு மாறுவது மூன்றாவது நோய், அது லாக்கின் குறை. அறுத்த முகம் மூலைமட்டத்துக்கு வராவிட்டால் பிளேடின் சாய்வையோ கைடு முகம் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். இத்தனையும் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நான் எல்லாவற்றையும் ஒரே குற்றமாக எடுத்துக்கொண்டு ஒரே திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

லாக்கைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கைடை ஒரே இடத்தில் பத்து முறை லாக் செய்து, ஒவ்வொரு முறையும் காடியிலிருந்து முன்முனை, பின்முனை இரண்டின் தூரத்தையும் ஒரு அட்டையில் எழுதினேன். முன்முனை பரவாயில்லை. பின்முனை பத்து முறையில் 0.8 மி.மீ. அலைந்தது. பின்முனையை விரலால் தள்ளினால் லாக் செய்த பிறகும் அசைந்தது. திருகிச் சரிசெய்ய முடிந்த கைடுக்கும் மாற்றியே ஆக வேண்டிய கைடுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே கோணலில் நின்றால் திருகிச் சரி செய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்பதை என்ன செய்தாலும் முடியாது.

காரணம் தலையின் நீளத்தில் இருந்தது. பழைய கைடின் தலை ரெயிலைப் பிடிப்பது வெறும் 110 மி.மீ. கைடின் நீளம் 700. தலையில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால் பின்முனையில் அது 0.6-க்கு மேல் ஆகிவிடும். தலையை 320 மி.மீ. ஆக்கினால் அதே ஆட்டம் பின்முனையில் 0.2 சொச்சம்தான். காலை அகட்டி நிற்பவனை அசைப்பது கஷ்டம் என்பதே இதில் உள்ள கணக்கு.

சரி, வேலை நிற்கக்கூடாதே. அந்த வாரத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தேன். பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் கைடுக்கு ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து, பின்முனையை சி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிடுவது. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஐந்து நிமிடம் போகும், ஆனால் அறுப்பு சரியாக வந்தது. கையில் காசு இல்லாதவர்கள் இதை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டலாம். பிளேடு காடிக்கு இணையாக இருந்தால்தான் இந்த அளவு செல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

புதுக் கைடுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது டி-ஸ்கொயர் வடிவம். அமெரிக்காவில் பீஸ்மேயர் என்பவர் பெயரால் உலகம் முழுக்கத் தெரிந்த அமைப்பு. பின்னால் கொக்கியே கிடையாது. நீளமான தலை முன்ரெயிலை மட்டும் பிடிக்கும், கைடு முழுக்க அந்தப் பிடியில் நிற்கும்.

முன்ரெயிலுக்கு 75x75x6 மி.மீ. எல் ஆங்கிள், 1.4 மீட்டர். அதன் தரை மட்டமான இறக்கைமேல் 50x50x3 சதுரக் குழாய். குழாய்க்கும் மேசை விளிம்புக்கும் நடுவே தலையின் உள்இறக்கை இறங்க இடம் விட்டு, அடியிலிருந்து எம்6 திருகு போட்டு முடுக்கினோம். கைடு உடம்பு 75x50x3 செவ்வகக் குழாய், 800 மி.மீ. தலைக்கு 320 மி.மீ. நீள ஆங்கிள், உள்இறக்கையில் 280 மி.மீ. இடைவெளியில் நைலான் முனை வைத்த இரண்டு எம்8 திருகு. முன்னால் ஒரு லீவர், அதில் மையம் தள்ளித் துளையிட்ட உருளை. லீவரை இறக்கினால் உருளை குழாயின் முன்முகத்தை அழுத்தும், நைலான் முனைகள் பின்முகத்தில் போய் உட்காரும். உருளையை லேத் அண்ணன் கடைந்து கொடுத்தார். எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் ஆயிற்று, அவர் கூலி உட்பட.

கஞ்சமலையில் இரும்புத்தாது கிடக்கும் ஊரில் இரும்புக்கா பஞ்சம்! கடையில் கிடைப்பது நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சதுரக் குழாயை ஒரு கண்ணால் பார்த்தால் எல்லாமே நேராகத்தான் தெரியும். இரண்டு குழாயை முகத்தோடு முகம் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவில் வெளிச்சம் கசிந்தால் ஒன்று வளைவு. கசியாவிட்டாலும் நம்பிவிடக்கூடாது, ஒன்றின் வளைவில் மற்றது போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரு குழாயை முனை மாற்றிப் பிடித்து மறுபடி பார்க்க வேண்டும். கடைக்காரர் சலிக்காமல் ஒன்பது குழாய் எடுத்துப் போட்டார். இரண்டு தேறின.

தலையையும் உடம்பையும் முதலில் வெல்டிங் வைத்தோம், அது வீண். மூலைமட்டத்துக்கு வைத்துத்தான் பற்ற வைத்தார்கள், ஆறியதும் பின்முனை 2 மி.மீ. இழுத்திருந்தது. சூடு ஆறும்போது இரும்பு வெல்டிங் பக்கம் சுருங்கும். வெட்டி எடுத்துவிட்டு, துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, நான்கு எம்8 போல்ட்டில் முடுக்கினோம். இதையே முதலில் செய்திருக்கலாம். வெல்டிங்தான் வேண்டும் என்பவர்கள் இருபுறமும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாகப் பற்றவைத்து ஆற விட வேண்டும்.

ரெயில் நேராக இருக்க வேண்டும், மேசைக்கு மட்டமாக இருக்க வேண்டும். காடிக்குக் கனகச்சிதமாகச் செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கடைசிக் கோணத்தை அந்த இரண்டு நைலான் திருகுகள் பார்த்துக்கொள்ளும். ஆலன் கீயைக் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு திருப்பினால் பின்முனையில் கால் மி.மீ. நகர்கிறது. இது கைக்குப் பழகிவிட்டால் சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. நான் பின்முனையை 0.1 மி.மீ. பிளேடை விட்டு விலகியபடி வைத்திருக்கிறேன். துல்லியமாக இணையாகவே வைப்பவர்களும் உண்டு. ஆனால் அடிபட்டவன் என்பதால் மூடும் பக்கம் ஒரு தகடு கனம்கூட எனக்குச் சம்மதம் இல்லை.

இரும்புக் குழாயின் முகம் மரம் உரச ஏற்றதல்ல. 18 மி.மீ. பிளைவுட்டில் மைக்கா ஒட்டி இருபுறமும் முகம் போட்டேன். நேர்கோல் வைத்துப் பார்த்ததில் நடுவில் அரை மி.மீ. குழி. பிளைவுட்டுக்குப் பின்னால் குளிர்பான டின்னின் தகட்டை வெட்டிச் செருகி நிரப்பினேன், அது 0.1 மி.மீ. கனம், கத்தரிக்கோலிலேயே வெட்டலாம். முகத்தின் அடி விளிம்பை மேசையைத் தொட்டும் தொடாமலும் இறக்கினேன். இல்லையென்றால் மைக்கா ஷீட் அறுக்கும்போது அடியில் நுழைந்துகொள்ளும்.

அளவு டேப்பைக் கடைசியாகத்தான் ரெயிலில் ஒட்ட வேண்டும், முகம் போட்ட பிறகு. ஒரு துண்டை அறுத்து, வெர்னியரில் அளந்து, வந்த எண்ணுக்குக் கைடில் அளவு காட்டும் முள்ளை நகர்த்தினால் போதும். பிளேடு மாற்றினால் பல்லின் கனம் மாறும், முள்ளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மிஷினில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு இல்லாமல் இருந்தது. பழைய மிஷின் வாங்கும்போது பெரும்பாலும் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். என் பிளேடு அறுக்கும் வாய் 3 மி.மீ., பிளேடின் தகடு 2.2. நடுவே 2.5 மி.மீ. தகட்டில் ஒன்று செய்து போட்டோம். வாயை விட மெல்லியதாகவும் பிளேடுத் தகட்டை விடக் கனமாகவும் இருந்தால்தான் அறுந்த மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்காமல் தடுக்கும். கைடு எவ்வளவு நல்லதானாலும் இதற்கு அது ஈடாகாது. சில்வர் ஓக்கில் உள்ளே இழுப்பு இருக்கும் பலகைகள் அறுக்க அறுக்க மூடுவதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

புதுக் கைடில் அறுத்த முதல் 10 சட்டத்தில் எட்டு 65-க்கு 0.1 மேலேயோ கீழேயோ வந்தன. இரண்டு மட்டும் நடுவில் அரை மி.மீ. அகலம். கைடை மறுபடி அளந்தேன், அசையவில்லை. அந்த இரண்டும் ஒரே பலகையிலிருந்து வந்தவை, கைடில் உரசிய விளிம்பு லேசாக வில்லாக இருந்தது. விளிம்பை இழைப்புளியால் நேராக்கி அறுத்தபோது சரியாக வந்தது. 88 சட்டமும் முடிய ஒன்றரை நாள் ஆயிற்று.

ஆடிக் கடைசியில் ஷட்டர்களைப் பழைய போர்வைகளில் சுற்றி, குட்டியானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவையும் பின்னால் உட்கார்ந்தே கடந்தேன். பொருத்தி முடிக்க இரண்டு நாள்.

மார்கழியில் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். சிங்க்குக்குக் கீழே ஒரு ஷட்டர் இறுகுகிறதாம். மறுநாளே மேலே போனேன். பனியில் மரம் கொஞ்சம் ஊதியிருந்தது. நான்கு மூலையிலும் மெல்லிய ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தேன், எங்கும் போகவில்லை. கீழ் விளிம்பில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து, அந்த இடத்தில் பாலிஷ் தொட்டுவிட்டு, அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இறங்கினேன்.